மரத்தில் தொங்கும் தாடி: ஆரஞ்சுக்கு ஆபத்தா, பிரியாணிக்கு ஆகுமா?

மியன்மாரின் ஷான் மலையிலுள்ள கலாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வீட்டுத் தோட்டத்தில் 12 கமலா ஆரஞ்சு மரங்கள் உள்ளன. வயதான 4 மரங்களில் சாம்பல் பச்சையாகத் தாடி போல ஒன்று தொங்குகிறது. அந்த நாலிலும் காய்ப்பு குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் புல்லுருவி என்கிறார், துத்தம் (காப்பர் சல்பேட்) அடிக்கச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் உஸ்னியா பார்பேட்டா என்று வருகிறது. மாமியாரோ இது கல்பாசிதான், காயவைத்தால் பிரியாணிக்குப் போடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?”

மூவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆனாலும் உண்மைக்குக் கிட்டத்தில் நிற்பவர் உங்கள் மாமியார்தான். பக்கத்து வீட்டுக்காரர் வெகுதூரத்தில் இருக்கிறார். உங்கள் மரத்தில் தொங்குவது அநேகமாக லைக்கன், அதாவது பூஞ்சணமும் பாசியும் சேர்ந்து வாழும் ஒன்று. உஸ்னியா அதில் ஒரு வகை.

முதலில் மரம். புல்லுருவி என்பது பூத்துக் காய்க்கும் செடி. அது கிளையின் மரப்பகுதிக்குள் உறிஞ்சு வேரை இறக்கி, மரம் ஏற்றும் தண்ணீரையே குடிக்கும். இந்தத் தாடிக்கு வேரே கிடையாது. அடியில் ஒரு சிறு பிடிப்பு மட்டும் உண்டு, அதுவும் பட்டையின் மேற்பரப்போடு நின்றுவிடும். பனியிலும் மழையிலும் இருந்து தண்ணீரை உடம்பு முழுவதும் ஈர்த்துக்கொள்கிறது. உணவை வெயிலில் தானே தயாரிக்கிறது. வெயில் ஏறினால் காய்ந்து, கையில் எடுத்தால் நொறுங்கும். மறுநாள் பனி இறங்கியதும் சில நிமிடங்களில் மெத்தென்று ஆகி வேலையைத் தொடரும். மரம் அதற்குச் சாப்பாடு போடவில்லை, உட்கார இடம் மட்டும் கொடுக்கிறது.

அப்படியானால் காய்ப்பு குறைந்த மரத்தில் மட்டும் ஏன் வருகிறது? இங்கேதான் பலரும் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். இலை அடர்ந்த மரத்தின் உட்கிளைகளுக்கு வெளிச்சம் போகாது, தாடி வளராது. மரம் நலிந்து இலை உதிர்ந்தால் உள்ளே வெயில் விழும். கிளையும் வேகமாகப் பருக்காததால் பட்டை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வருடத்துக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை வளரும் ஒன்றுக்கு இதைவிட நல்ல இடம் ஏது? ஆகவே தாடி நோயல்ல. மரத்துக்கு வேறு ஏதோ ஆகியிருக்கிறது என்று அது சொல்கிறது.

அந்த வேறு ஏதோவைத் தேடுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் மண்ணை மேல்வேர்கள் தெரியும்வரை விலக்குங்கள். பட்டை கறுத்து, பிசின் வழிந்து, நகத்தால் சுரண்டினால் உள்ளே பழுப்பாக இருந்தால் அது அடிமர அழுகல், தண்ணீர் தேங்குவதால் வருவது. அழுகிய பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் போர்டோ பசை பூச வேண்டும். அதற்கு மயில்துத்தம் 1 கிலோ, நீறிய சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர்க்கவும். பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும், இரும்பு வாளியைத் துத்தம் அரித்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் துத்தத்துக்கு இந்த மரத்தில் உள்ள ஒரே வேலை இதுதான். தாடிக்கென்று தெளித்தால் அது செத்துப்போகும், ஆனால் செத்தது அங்கேயே தொங்கும். செம்பு மண்ணில் சேரும், மரம் ஒரு இலைகூடக் கூடுதலாக விடாது.

அடுத்து இலைகள். நரம்புகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் விழுந்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறை. ஒரு பாதியில் ஒரு விதமாகவும் மறுபாதியில் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக மஞ்சளாகி, பழமும் கோணிப் பச்சையாகவே நின்றால் ‘கிரீனிங்’ நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது சில்லிட் என்ற சிறு பூச்சியால் பரவுவது, வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. அந்த மரத்தை எடுத்துவிட்டால்தான் மற்ற மரங்களுக்குப் பாதுகாப்பு. இரண்டும் இல்லையென்றால் மரம் வெறும் பட்டினியாக இருக்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் மரத்துக்கு 10 வீசை (16 கிலோ) மக்கிய தொழு உரத்தை, அடிமரத்தை ஒட்டாமல், கிளை நுனிகளுக்கு நேர் கீழே வட்டமாகப் போடுங்கள். அறுவடை முடிந்து மழை வருமுன் காய்ந்த கிளைகளை வெட்டுங்கள். தாடியில் பாதி அந்தக் கிளைகளோடே போய்விடும். மிச்சமிருப்பதைச் சுரண்டாதீர்கள், பட்டை புண்ணாகி அதன் வழியே பூஞ்சணம் நுழையும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மழையில் தாடி தன் உலர் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரைச் சுமக்கும். ஏற்கெனவே காய்ந்த மெல்லிய கிளை அந்தப் பாரத்தில் ஒடியலாம்.

இனிப் பெயருக்கு வருவோம். இது லைக்கன், அதாவது ஒரு பூஞ்சணமும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். வீட்டின் சுவரும் கூரையும் பூஞ்சணம். சமையல்காரர் ட்ரெபூக்ஸியா என்னும் ஒரு செல் பச்சைப்பாசி. இரண்டு உயிர்கள் சேர்ந்தது என்று 1860களின் இறுதியில் ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது லைக்கன் நிபுணர்கள் பலர் கொதித்துப்போனார்கள். அறிவியல் பெயர் பூஞ்சணத்துக்குத்தான் சேரும், பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. அந்தக் கணக்கில் உஸ்னியா ஒரு அஸ்கோமைசீட் (சிறு பைகளுக்குள் வித்து உண்டாக்கும்) பூஞ்சணம், வரிசை லெக்கனோரேல்ஸ், குடும்பம் பார்மெலியேசி.

உங்களுடையது உஸ்னியாதானா என்று உறுதி செய்வது எளிது. ஒரு தடித்த இழையை ஈரப்படுத்தி, இரு முனையிலும் பிடித்து மெதுவாக இழுங்கள். மேல்தோல் மணிமணியாக உடைந்து, நடுவில் வெள்ளை நார் ஒன்று ரப்பர் போல நீண்டால் உஸ்னியா. காய்ந்த இழையில் செய்தால் படக்கென்று ஒடிந்துவிடும், பலர் ஏமாறுவது இதில்தான். நார் இல்லாமல் இழை தட்டையாக இருந்தால் ராமலைனா என்ற வேறொரு லைக்கன். 10 மடங்கு லென்ஸில் குட்டி இலைகள் தெரிந்தால் அது லைக்கனே அல்ல, மாஸ் எனப்படும் தொங்கும் பாசிச்செடி. ஷான் மலைகளின் ஈரக்காடுகளில் அதுவும் ஏராளம், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் எந்த உஸ்னியா? படத்தைப் பார்த்துப் பார்பேட்டா என்று சொல்லும் செயலியை நம்ப வேண்டாம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் ‘தாடி லைக்கன்’ என்று வைத்த பெயர் அது. பிறகு தாடி போல் தொங்கிய எல்லாவற்றுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள், மருந்துக்கடைச் சீட்டுகளில் இன்றும் அப்படித்தான் ஒட்டுகிறார்கள். உஸ்னியாவில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. ஒரே இனம் நிழலில் நீண்டும் வெயிலில் கட்டையாகவும் வளரும் என்பதால் நீளத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது அடிப்பகுதியிலிருந்து. பட்டையோடு ஒட்டும் இடம் கறுப்பா, இல்லை இழையின் நிறமேவா? இழையைப் பிய்த்து எடுத்தால் இந்த விடை மரத்திலேயே தங்கிவிடும். ஆகவே பட்டைச் சீவலோடு எடுங்கள். பிறகு கிளையின் மேல் மொட்டுமொட்டாகப் பருக்கள் உள்ளனவா, மாவு போலத் தூள் உதிரும் புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள். அந்தத் தூள்தான் அதன் விதைக்கு ஈடு, பூஞ்சணமும் பாசியும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். அடுத்து, தடித்த இழை ஒன்றைச் சவரப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, தோல், அதற்குள் பஞ்சு போன்ற பகுதி, நடுநார் மூன்றின் தடிமனையும் ஒப்பிடுங்கள். பஞ்சுப் பகுதியில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மஞ்சளாகிச் சிவந்தால் சலசினிக் அல்லது நார்ஸ்டிக்டிக் அமிலம், மஞ்சளிலேயே நின்றால் வேறு அமிலம், மாறாவிட்டால் அதுவும் ஒரு அடையாளமே. திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தாலும் சில இனங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் மென்படல நிறப்பிரிகை (கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) செய்தால்தான் முடிவு தெரியும்.

நடுநாரிலேயே வகைப்பாட்டுச் சண்டை ஒன்றும் இருக்கிறது. நார் திடமாக இல்லாமல் குழலாக இருந்தால் வெப்பநாடுகளில் பரவலாக உள்ள உஸ்னியா பெய்லியைப் பக்கம் பாருங்கள். கிளை பிரியாமல் மாலை போல நீண்டு, குறுக்கே சிறு இழைகள் மட்டும் நிற்க, நாரில் அயோடின் பட்டதும் நீலமானால் உஸ்னியா லாங்கிசிமா. 2004-ல் லைக்கன் ஆய்வாளர் கிறிஸ்டினா ஆர்ட்டிகஸ் இவற்றைத் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தார். முதலாவது யூமிட்ரியா, இரண்டாவது டோலிகோஉஸ்னியா. எல்லோரும் ஏற்கவில்லை, அதனால் ஒரே உயிருக்கு இரண்டு பெயர்களைப் பார்த்தால் குழம்பாதீர்கள். லாங்கிசிமா பெரும்பாலும் உடைந்த துண்டுகளாலேயே பரவுகிறது. அதனால் பழைய காட்டை வெட்டினால் திரும்பி வர வெகுகாலம் ஆகும். சந்தேகம் வந்தால் ஒரு இழைக்கு மேல் எடுக்காதீர்கள்.

கடைசியாகச் சமையலறை. கல்பாசியும் பாசியல்ல, லைக்கன்தான். பார்மோட்ரெமா பெர்லேட்டம் முதலியவை, அதே பார்மெலியேசி குடும்பம். மாமியார் கண் தப்பவில்லை, சொந்தத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார். ஆனால் கல்பாசி தட்டையான இலை போல, மேலே சாம்பல் வெள்ளை, அடியில் கறுப்பு. உஸ்னியா இழை. அதன் மஞ்சள் கலந்த பச்சைக்குக் காரணம் உஸ்னிக் அமிலம், அதைச் செறிவாக உட்கொண்டால் கல்லீரல் கெடும். செல்லுக்குள் உணவை ஆற்றலாக மாற்றும் வேலையை அது குலைக்கிறது. இந்த அமிலத்தின் உப்பு சேர்த்த மெலிவு மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-ல் எச்சரிக்கை விட்டது. தண்ணீரில் அது அவ்வளவாகக் கரையாது, சாராயத்தில் அதைவிடக் கூடுதலாகக் கரையும். சாராயத்தில் ஊறவைத்த மருந்து கஷாயத்தைவிட மோசம் என்பது அதனால்தான். சாலையோர மரமென்றால் வண்டிப் புகையிலுள்ள உலோகமும் கூடச் சேர்ந்திருக்கும். பிரியாணிக்கு வேண்டாம், கஷாயத்துக்கும் வேண்டாம்.

கடையில் வாங்கும் கல்பாசியிலும் உஸ்னியா கலந்து வருவதுண்டு. எண்ணெயில் போடுமுன் தட்டில் கொட்டிப் பாருங்கள். பச்சை மஞ்சள் நூல் எதுவும் தெரிந்தால் ஈரக் கையால் இழுத்துப் பாருங்கள். வெள்ளை நார் நீண்டால் அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம்.