எந்தத் தட்டுக்கு எந்த ஊசி?

கே: இசைத்தட்டுகளை எல்பி, இபி, 78 என்கிறார்களே, பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள், 10 அங்குலத்தில் 78-ம் உண்டு, எல்பியும் உண்டு. கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, விறைப்பாக இருந்தால் அரக்குத் தட்டு: நிமிடத்துக்கு 78 சுற்று, 10 அங்குலத்தில் பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் வினைல் என்கிற பிளாஸ்டிக். அதில் 12 அங்குலம் பெரும்பாலும் 33⅓ சுற்று எல்பி (கொலம்பியா, 1948), பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். 7 அங்குலம் பெரும்பாலும் 45 சுற்று (ஆர்.சி.ஏ. விக்டர், 1949). அதே 7 அங்குலத்தில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு இருந்தால் இபி. சந்தேகம் வந்தால் லேபிளில் வேகம் பாருங்கள்.

கே: என் டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றும் கருவி) 78 வேகமும் இருக்கிறது. ஆனால் பாட்டை விட இரைச்சல்தான் அதிகம்.

ப: எல்பி ஊசியையே வைத்திருப்பீர்கள். அதன் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 78-க்கு 65 முதல் 75 வரை வேண்டும். சன்ன ஊசி 78-இன் அகன்ற வரியின் (ஊசி ஓடும் பள்ளம்) அடியில் போய் உட்கார்ந்து அழுக்கை உழும். பாட்டு இருப்பதோ இரண்டு பக்கச் சுவர்களில். பல கார்ட்ரிட்ஜ்களில் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) ஊசியை மட்டும் உருவிவிட்டு 78 ஊசியைச் செருகலாம். ஊசி தட்டை அழுத்தும் எடையை அந்த ஊசிக்குச் சொன்ன அளவுக்குக் கூட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் (இடது, வலது ஒலிகளை ஒன்றாக்குவது) இருந்தால் அழுத்துங்கள். இந்தத் தட்டுகளில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிந்திருப்பதால், மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் அடிபட்டுப் போகும். அப்புறம் மறதியாக இதே தடித்த ஊசியை எல்பியில் வைத்துவிடாதீர்கள். வரிக்குள் இறங்காமல் மேலே சறுக்கிக்கொண்டே தட்டைக் கெடுக்கும்.

கே: சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்பி போடலாமா?

ப: கூடவே கூடாது. அதன் சவுண்ட் பாக்ஸ் (ஊசியைப் பிடித்து ஒலி எழுப்பும் தலை) 100 கிராமுக்கு மேல் அழுத்தும். ஒரே ஓட்டத்தில் எல்பி வீணாகிவிடும். அரக்குத் தட்டில் கல் தூள் கலந்திருப்பதால் அங்கே முதலில் தேய்வது எஃகு ஊசி. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு புது ஊசி. சிக்கனம் பார்த்தால் தேய்ந்த முனை தட்டை அறுக்கும்.

கே: 45-இன் நடுவில் பெரிய ஓட்டை. தட்டு ஆடுகிறது.

ப: துளை 38 மி.மீ., நடுக்கம்பி 7 மி.மீ. சொச்சம். அடாப்டர் போடுங்கள். கண்ணளவில் மையம் பிடித்து வைத்தால் சுருதி ஏறி இறங்கும்.

கே: ஊசி எடையை எப்படி வைப்பது? குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லதுதானே?

ப: இல்லை. எடை போதாவிட்டால் ஊசி துள்ளிச் சுவரை இடிக்கும், சத்தமும் கரகரக்கும். ஆண்டி-ஸ்கேட்டை (ஊசி உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் அமைப்பு) 0-வில் வைத்து, ஊசியைத் தாங்கும் கை கிடைமட்டமாக மிதக்கும்வரை அதன் பின்முனையிலுள்ள பின்எடையைத் திருகுங்கள். எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-வுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிறுத்துங்கள். எல்பிக்குப் பொதுவாக 1.5 முதல் 2.5 கிராம். ஆண்டி-ஸ்கேட்டுக்கும் அதே எண்.

கே: தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?

ப: அரக்குத் தட்டில் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் போதும். வரியின் போக்கிலேயே துடையுங்கள், லேபிள் நனையாமல்.