நேர்முகத் தேர்வு முடிந்ததும் நன்றி மின்னஞ்சல் அனுப்பலாமா? என்ன எழுதுவது?

தாராளமாக அனுப்புங்கள், அன்று மாலையோ மறுநாள் காலையோ. அதற்குமேல் போனால் ஆறிய காபிதான். தலைப்பில் பதவியின் பெயரும் தேர்வு நடந்த தேதியும் போதும். உள்ளே ஐந்தாறு வரிகள். 'தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி' என்று மட்டும் எழுதினால் யார் மனதிலும் நிற்காது. அங்கே பேசிய ஒன்றைத் தொடுங்கள்: 'மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்க்க இரண்டு நாள் ஆகிறது என்றீர்கள். பழைய வேலையில் அதை எக்செல் பிவட் டேபிள் வைத்துச் செய்திருக்கிறேன்.' தடுமாறிய பதில் ஏதாவது இருந்தால் அதையும் ஒரு வரியில் சரிசெய்துவிடலாம்.

மூன்று பேர் கேள்வி கேட்டிருந்தால் மூவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். முகவரி இல்லையா? எச்ஆர் மூலம் அனுப்பலாம். சம்பளப் பேச்சு இதில் வேண்டாம்.

அப்புறம், பெயரின் ஸ்பெல்லிங். சுதா என்ற பெயரில் 'எச்' விட்டுப்போய் நான் இரண்டு நாள் தவித்திருக்கிறேன்.