எக்ஸ்ரே நார்மல் என்றால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: கீழக்கரை பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 21 வயது, சங்கு குளிக்கப் போகிறான். ஒன்றரை வருடமாக வேப் (இ-சிகரெட்) இழுக்கிறான். மூன்று வாரமாக இருமல் விடவில்லை. முன்புபோல மூச்சடக்க முடியவில்லை என்கிறான். எக்ஸ்ரே எடுத்தோம், நார்மல் என்றார்கள். “ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைப்பது மாதிரிதான், வெறும் ஆவி” என்று சாதிக்கிறான். லண்டனில் இருக்கும் மாமாவும், அங்கே டாக்டர்களே வேப் கொடுப்பதாகச் சொல்கிறார். இரண்டு மாதத்தில் அவன் கத்தாருக்கு வேலைக்குப் போக வேண்டும். மெடிக்கலில் ஏதாவது வந்தாலும் பணம் கொடுத்தால் கிளியர் பண்ணித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் தம்பியின் நெஞ்சைப் பார்ப்போம்.

எக்ஸ்ரே நார்மல் என்றால் நிமோனியா, நீர் கோத்தல் போன்ற பெரிய கோளாறு படத்தில் தெரியவில்லை என்று மட்டும்தான் பொருள். வேப் முதலில் கைவைப்பது மூச்சுக்குழாயின் உள்தோலிலும், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறுகலான சின்னஞ்சிறு கிளைகளிலும். அங்கே வீக்கம் இருந்தாலும் எக்ஸ்ரேயில் விழாது. கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பி பெயின்டுக்கு உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும், வெளியே பளபளவென்று தெரியும், அப்படித்தான் இதுவும். இதற்குச் செய்ய வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் பலமாக ஊதச் சொல்லும் சோதனை. இந்த எளிய கருவிகூட நம் கடற்கரை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. மூச்சு வாங்குகிறது என்று வருகிற பையனை ஊதவைத்துப் பார்க்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்புவதைத்தான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நெபுலைசர் கதையை நம்பாதீர்கள். நெபுலைசரில் இருப்பது சோதிக்கப்பட்ட மருந்து. அதைக் கொதிக்கவைப்பதில்லை, நுண்துளியாக்குவதோடு சரி. வேப்பில் ஒரு கம்பிச்சுருள் நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. அதில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள் எல்லாம் சேர்ந்து வேகின்றன. சூட்டில் முதல் இரண்டும் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உண்டாகின்றன. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் துகள்களும் கூடவே வரும்.

உள்ளே போனதும் நடப்பது இதுதான். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய இழைகள் உண்டு. சில வாசனைப் பொருள்கள், குறிப்பாகப் பட்டை வாசனை தருவது, அவற்றின் அசைவை மந்தமாக்கிவிடும். சளி தேங்கும், இருமல் வரும். எரிச்சலைப் பார்த்து வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து, புரதத்தை அறுக்கும் நொதியைக் கொட்டும். நீண்ட நாள் புகைப்பவர்களின் நுரையீரல் சுவரை அரிப்பதும் இதே வகை நொதிதான். வேப் இழுக்கிறவர்களின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்திலும் அது புகைப்பவர்களுக்கு இருப்பதுபோல் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிகரெட்டைவிட ரசாயனங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் இந்தச் சாதனம் கடைக்கு வந்தே சுமார் இருபது வருடம்தான் ஆகிறது. நாற்பது வருடம் இழுத்த நுரையீரல் எப்படி இருக்கும் என்று சொல்ல அப்படி ஒரு மனிதர் இன்னும் உலகத்தில் இல்லை.

மாமா சொல்வது பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. இங்கிலாந்தில் 2023-இல் சிகரெட்டை விட விரும்புகிறவர்களுக்கு அரசே வேப் கருவி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. யாருக்கு? பல காலமாகச் சிகரெட் பிடித்து, விட முடியாமல் தவிக்கிற பெரியவர்களுக்கு. சிகரெட்டை முழுவதுமாக விட்டுவிட்டு மாறினால் அவர்களுக்கு லாபம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. முழுவதுமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். காலையில் சிகரெட், மாலையில் வேப் என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே திரவத்தில் நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்ட வரம்பு இருக்கிறது. அதே இங்கிலாந்துதான் இளைஞர்கள் சீரழிவதைப் பார்த்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்பை 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து தடைசெய்தது. உங்கள் தம்பி சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறியவரா? நீங்கள் எழுதியதில் அப்படி இல்லை. சிகரெட்டே பிடிக்காத நுரையீரலுக்கு வேப்பால் கிடைக்கும் லாபம் எதுவும் கிடையாது. மாமாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இங்கே கிடைக்கும் சரக்குக்கு எந்த வரம்பும் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரப்படுத்துவது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் செல்போன் கடைக்குள்ளும் வாட்ஸ்அப்பிலும் ‘ஃபாரின் சரக்கு, ஒரிஜினல்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்குகிற பையனுக்கு விலாசம் தெரிகிறது, பிடிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிவதில்லை. அட்டையில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. 2019-இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் வெந்துபோய் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், இறந்தவர்கள் என 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் கணக்கில் வந்தார்கள். அதில் 68 மரணம். பெரும்பாலோர் இளைஞர்கள். 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. முக்கியமாகக் கஞ்சாச் சத்துத் திரவத்தில், வியாபாரிகள் கலந்த கலப்படம் அது. பலரும் வாங்கியது நண்பர்களிடமும் தெரு வியாபாரிகளிடமும்தான்.

இப்போது கத்தார். அந்த மெடிக்கலில் எக்ஸ்ரே எடுப்பது முக்கியமாகக் காசநோயைத் தேடுவதற்கு. வேப் இழுத்ததை அந்தப் படம் காட்டிக்கொடுக்காது. ஆனால் மூன்று வார இருமலை வேப் தலையில் மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். எக்ஸ்ரே நார்மலாக இருந்தாலும் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். காசநோய் என்று வந்தால் சிகிச்சையும் இலவசம். தழும்பு விழுவதற்கு முன்பே கண்டுபிடித்தால்தான் நல்லது, ஏனென்றால் பழைய தழும்பைப் பார்த்தே அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். ஏஜென்ட் இங்கே எதை ‘கிளியர்’ பண்ணினாலும், அங்கே இறங்கியதும் மறுபடியும் மெடிக்கல் வைக்கக்கூடும். அதில் மாட்டினால் டிக்கெட், விசா, கடன் வாங்கிய பணம் எல்லாம் போய்த் திரும்பி வர வேண்டியதுதான். வீட்டு நகையை வைத்து அனுப்பிய குடும்பங்கள் இப்படி நொந்துபோனதைப் பார்த்தவன் என்பதால் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

மருந்துக் கடையில் இருமலுக்கு என்று மூன்று நான்கு மாத்திரை சேர்த்துத் தருவதையும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இருமல் அடங்கும், காசநோய் உள்ளே வளரும். ‘நுரையீரலைச் சுத்தம் செய்யும்’ லேகியம், டானிக் எதற்கும் அப்படி ஒரு சக்தி கிடையாது. எடுத்தவுடன் சி.டி. ஸ்கேன் எழுதிக்கொடுத்து ஒரு குறிப்பிட்ட சென்டருக்கே போகச் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள். முதலில் சளி, பிறகு ஊதும் சோதனை.

இவை முடியும்வரை தம்பி கடலில் இறங்கக் கூடாது. கம்ப்ரசர் காற்றில், அதாவது படகிலிருந்து குழாய் வழியே வரும் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறவர் என்றால் கண்டிப்பாகக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் வீங்கிச் சளி அடைத்திருந்தால் அது வெளியேற வழியில்லாமல் நுரையீரலையே கிழித்துவிடும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே அழைத்துப் போங்கள். சீட்டு எழுதுகிறவர் பீடி, சிகரெட் உண்டா என்று கேட்பார். வேப்பைப் பற்றிக் கேட்காமலே விடக்கூடும். தம்பியே சொல்ல வேண்டும், அந்தக் கருவியையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வேப்பை இன்றே விடச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் எரிச்சல், தூக்கமின்மை, வெடுக்கென்ற கோபம் இருக்கும்; நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். விட்ட புதிதில் இருமல் சற்றுக் கூடினால் பயந்து மறுபடி தொடக் கூடாது. நிக்கோட்டின் சூயிங்கம் தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு எடுக்கலாம். 1800 112 356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள். இந்த வயதில் சிறு குழாய் வீக்கம் பெரும்பாலும் இறங்கிவிடும், இப்போது விட்டால்.

இடையில் காய்ச்சலோடு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாந்தி வந்தாலோ, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி 94-க்குக் கீழே காட்டினாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் வேப் விஷயத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.