சென்னையிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஹெர்ஷி சாக்லேட் ஊருக்கு அழைத்துப் போகலாமா, இல்லை அது குழந்தைகளுக்கு மட்டும்தானா?

தாராளமாக அழைத்துப் போகலாம். ஒரு நாள் போதும். இதோடு நிறுத்திக்கொண்டு போயிருப்பேன். ஆனால் கேள்விக்குக் கீழே "வயதானவர்களுக்கு போர் அடிக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் சுருக்கென்றது. அந்த வயதானவள் நான்தான் தம்பி. வில்லிவாக்கம். முட்டி இரண்டும் தகராறு. 2018 ஜூலையில் என் மகன் எங்கள் இருவரையும் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து அங்கே கூட்டிக்கொண்டு போனான்.

நீங்களும் நியூ ஜெர்சி பக்கம்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள். நயாகரா, நியூயார்க், பிட்ஸ்பர்க் பெருமாள் எல்லாம் பட்டியலில் இருக்கும். மிச்சமாகும் ஒரு சனிக்கிழமைக்கு என்ன செய்யலாம், குழந்தையும் அழாமல் இருக்க வேண்டும், பெரியவர்களும் முகத்தைத் தூக்கக்கூடாது என்றுதானே இந்தக் கேள்வி? எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான்.

எடிசனிலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கத்தில் இருக்கிறது. போகிற வழியெல்லாம் சோளக்கொல்லையும் மாட்டுப்பண்ணையும்தான். என் வீட்டுக்காரர் "இதுக்கு நம்ம திண்டிவனம் ரோடே தேவலை" என்று ஒரு தடவை சொன்னார், மகன் கண்ணாடியில் பார்த்த பார்வையில் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் தெருவிளக்கு. இதை நான் ஃபோட்டோவில் பார்த்திருந்தாலும் நேரில் பார்த்துச் சிரித்துவிட்டேன். கிஸ்ஸஸ் என்று கூம்பு மாதிரி ஒரு மிட்டாய் விற்கிறார்களே, அதே உருவத்தில் விளக்கு. ஒன்று வெள்ளித்தாள் சுற்றியபடி, உச்சியில் அந்தச் சின்னக் காகித வால் கூட நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்தது தாள் உரித்த மாதிரி பழுப்பாக. இப்படியே மாறி மாறி. தெருவின் பெயர் சாக்லேட் அவென்யூ, குறுக்கே கோகோ அவென்யூ. சின்னத் தெருக்களுக்கு ஜாவா, காரகாஸ், டிரினிடாட் என்று கோகோ விளைகிற இடங்களின் பெயர்.

முதலில் சாக்லேட் வேர்ல்டுக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் நம் ரங்கநாதன் தெரு மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்தபடியே சாக்லேட் எப்படிச் செய்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கிற சவாரி ஒன்று இருக்கிறது, இலவசம். பொம்மை மாடுகள் பாட்டுப் பாடும். இது நிஜத் தொழிற்சாலை இல்லை, அதைப்போலச் செய்து வைத்தது. முன்பு நிஜத் தொழிற்சாலைக்குள்ளேயே ஆட்களை விட்டார்களாம். கூட்டம் தாங்காமல் 1973-ல் அதை நிறுத்திவிட்டு இதைக் கட்டினார்கள். கடைசியில் கையில் ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். நடக்கவே வேண்டாம் என்பதால் முட்டிவலிக்காரர்களுக்கு இதுதான் முதல் யோகம்.

ஹெர்ஷிபார்க் என்கிற பெரிய பூங்கா குழந்தைகளுக்குத்தான். அதில் பொய் சொல்ல மாட்டேன். ரோலர் கோஸ்டர் பக்கம் நாங்கள் தலை வைத்துப் படுக்கவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. எந்தச் சவாரியில் யார் ஏறலாம் என்பதை உயரம் பார்த்து முடிவு செய்கிறார்கள், ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு மிட்டாய் பெயர். என் பேரனுக்கு அப்போது ஏழு வயது. அளந்து பார்த்ததில் "ரீசஸ்" என்று வந்தது. அவனுக்கோ அதற்கு அடுத்த "ஹெர்ஷிஸ்" ஆக வேண்டும், ஒரு அங்குலம்தான் குறைவு. மறுபடி வரிசையில் நின்றான். இந்தத் தடவை ஷூவுக்குள் கால்விரலை ஊன்றி, கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றான். அளக்கிற பெண் சிரித்துக்கொண்டே அவன் தோளில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். குதிகால் தரைக்கு வந்தது. மறுபடி ரீசஸ். அன்றைக்கு முழுக்க அவன் எங்களோடு பேசவில்லை, ஏதோ நாங்கள்தான் குள்ளமாகப் பெற்ற மாதிரி.

பெரியவர்களுக்கு அதற்குள்ளேயே கிஸ்ஸிங் டவர் என்று ஒன்று இருக்கிறது. 330 அடி கோபுரம், உட்கார்ந்தால் மெதுவாக மேலே தூக்கிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டும். ஜன்னல்கூட அந்த மிட்டாய் உருவத்தில்தான். அங்கிருந்து முழு ஊரும் தெரியும்.

சரி, எனக்கு ஏன் அந்த ஊர் பிடித்தது, ஏன் தொண்டையில் கொஞ்சம் சிக்கியது என்பதற்கு வருகிறேன். சாக்லேட் வேர்ல்டு வாசலிலிருந்து டிராம் மாதிரி ஒரு வண்டி கிளம்பும். டிக்கெட் உண்டு. பழைய காலத்து உடுப்பில் ஒருவர் பாட்டுப் பாடி ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வருவார். உங்கள் அப்பா அம்மாவை இதில் கட்டாயம் ஏற்றுங்கள்.

கதை இதுதான். மில்டன் ஹெர்ஷி என்பவர் முதலில் காரமெல் மிட்டாய் செய்துகொண்டிருந்தார். 1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஜெர்மன்காரர்களின் சாக்லேட் இயந்திரத்தைப் பார்த்து மயங்கினார். 1900-ல் காரமெல் கம்பெனியைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, தான் பிறந்த கிராமப் பக்கமே வந்து 1903-ல் தொழிற்சாலைக்கு அடித்தளம் போட்டார். காரணம் பால், சுற்றிலும் மாடு. ஆட்கள் தங்க வீடு, பள்ளிக்கூடம், கடை, வங்கி, டிராம் எல்லாம் அவரே கட்டினார். வேலைக்காரர்கள் பொழுதுபோக்க அப்போது போட்ட பூங்காதான் இன்றைக்கு நாம் காசு கொடுத்து நுழைகிற ஹெர்ஷிபார்க். பல வருடம் அதற்கு வேலியே கிடையாது. 1970-களின் தொடக்கத்தில்தான் வேலி போட்டு, வாசலில் ஒரே டிக்கெட் என்று ஆக்கினார்கள்.

பிள்ளை இல்லை அவருக்கும் அவர் மனைவிக்கும். 1909-ல் அனாதைப் பையன்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். மனைவி போன பிறகு, 1918-ல் சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டார். ஊருக்கு அது தெரியவே ஐந்து வருடம் ஆனது. ஆரம்பத்தில் வெள்ளைக்காரப் பையன்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது, மற்றப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கதவு திறக்க ரொம்ப காலம் ஆனது. வண்டியில் பாடியவர் இதைச் சொல்லவில்லை, பிறகு படித்தேன்.

வண்டி அந்தத் தொழிலாளர் வீடுகளைத் தாண்டும்போது என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கினார், நான் பேசாமல் இருந்தேன். ஏனென்றால் நான் வளர்ந்ததும் ஒரு கம்பெனி கட்டிய தெருவில்தான். வட சென்னையில் ஒரு மில். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அப்பா தறிப் பிரிவில். எங்கள் லைன் வீடுகளுக்கு எல்லாம் ஒரே பச்சைக் கதவு. சுவரில் சாமி படத்துக்கு ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். காலையில் மில் சங்கு ஊதினால்தான் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். ஹெர்ஷியில் காற்றே இனிக்கும் என்கிறார்கள், எங்கள் தெருவில் நூலுக்குப் போடும் கஞ்சி வாடை. விளையாட மைதானம் இருந்தது, தீபாவளிக்கு மில் கொடுக்கும் அட்டைப்பெட்டி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. நன்றியில்லாமல் பேசவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தால்தான் இன்றைக்கு நான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆனால் தெரு, கடை, கதவின் நிறம் எல்லாமே ஒருவருடையதாக இருந்தால் சண்டை வரும்போது எங்கே போய் நிற்பது? ஹெர்ஷியில் இன்றைக்கும் மேயர் கிடையாது. சட்டப்படி அது தனி நகராட்சியே இல்லை, டெர்ரி டவுன்ஷிப் என்கிற உள்ளாட்சியில் சேர்ந்தது. 1937-ல் அங்கேயும் வேலைநிறுத்தம் நடந்தது, ஆட்கள் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை அடித்து விரட்டியதில் முன்னால் நின்றவர்கள் பால் ஊற்றுகிற விவசாயிகள். தொழிற்சாலை நின்றதால் கறந்த பால் வீணாகிறது என்ற கோபம்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பால்காரர் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது மூன்று மாதம் கதவடைப்பு. மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பால்காரர் மட்டும் தினமும் வந்தார், கடனுக்கே ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் தாராளமாக இருந்தது, அவ்வளவுதான். அம்மா டம்ளரைச் சாய்த்துப் பார்ப்பாள், அவர் எங்கேயோ வேறு பக்கம் பார்ப்பார்.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல வந்ததாகச் சண்டைக்கு வராதீர்கள். முப்பதுகளில் அமெரிக்கா முழுக்க வேலையில்லாமல் தவித்தபோது அந்த மனிதர் ஹோட்டல், அரங்கம் என்று கட்டடமாகக் கட்டி ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுத்தார். மலைமேல் இருக்கிற ஹோட்டல் 1933-ல் வந்தது, வெளியிலிருந்து பார்த்தோம். அவருடைய சொத்து இன்றும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. எங்கள் அப்பாவுக்குச் சேர வேண்டிய பணமோ, அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அதுவும் பாதியாகத்தான் அம்மா கைக்கு வந்தது. இரண்டையும் ஒரே நாளில் மனசில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எதிர் இருக்கைக் குழந்தை மாட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

எங்கள் மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு ஒரு நாள் ஆட்டோவில் போய் இறங்கினேன். அந்த வேப்பமரம் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. கேட்டில் செக்யூரிட்டி தம்பி, "எந்த பிளாக்கும்மா?" என்றார். பழக்க தோஷம், "ஆறாவது லைன், பதினாலு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு அப்படி எதுவும் இல்லை என்றார். மரம் வெளியிலிருந்து தெரியவில்லை.

உங்கள் கேள்வியைவிட்டு எங்கேயோ போய்விட்டேன். இன்னும் ஒரு விஷயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அப்பா அம்மாவை ஒரு நாள் சாக்லேட் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டு மீதி ஐந்தரை மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். என் மகன் அப்படி இல்லை (அவனும் இதைப் படிப்பான்). ஆனால் அங்கே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும், எத்தனை தாத்தா பாட்டிகள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, பை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சவாரி முடித்து வரும்வரை காத்திருக்கிறார்கள் என்று. தெனாலிக்காரர் ஒருவர், விஜயவாடா பக்கத்து அம்மா ஒருவர், நான். அவர்களுக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ், பொது மொழி கிடையாது, முட்டியைத் தடவிக் காட்டிக்கொண்டோம்.

நடைமுறைக்கு வருகிறேன். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் அதைக் காரிலேயே வைத்துவிட்டு, மதியம் வெளியே வந்து டிக்கியைத் திறந்து வைத்து நின்றபடியே சாப்பிட்டோம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் முழு மனதோடு பாராட்டியது அந்தப் புளியோதரையைத்தான். சக்கர நாற்காலியில் உட்கார உங்கள் அப்பா வெட்கப்படுவார், வற்புறுத்துங்கள். ஜூலை வெயில் சென்னைக்காரர்களுக்கு ஒன்றுமில்லை என்று நினைப்போம், ஆனால் நடை ஜாஸ்தி. பூச்செடி பிடிக்கும் அம்மா என்றால் பூங்காவுக்குப் பதில் ஹெர்ஷி கார்டன்ஸில் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஊருக்குக் கொண்டுபோக என்று கிலோக் கணக்கில் சாக்லேட் வாங்காதீர்கள். நான் நாலு கிலோ சுமந்து வந்தேன். நமக்கு அதில் லேசாகப் புளித்த மோர் வாடை அடிக்கும், அவர்கள் பாலைப் பக்குவப்படுத்தும் முறையால் என்று சொல்வார்கள். எதிர்வீட்டு மாமி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "டேட் பார்த்து வாங்கினியா?" என்றாள்.