லேஅவுட்டில் 1:100 போட்டதும் வீடு புள்ளியாகிவிடுகிறதே, ஏன்?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், 30-க்கு 40 அடி வீட்டை மாடலில் (வரையும் இடம்) சரியாக வரைந்து, லேஅவுட்டில் (பிரிண்டுக்கான தாள்) ஏ3 தாள் வைத்து, வியூபோர்ட்டுக்கு (தாளில் வரைபடத்தைக் காட்டும் ஜன்னல்) 1:100 கொடுத்தால் வீடு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டு பிளான் போட்டுத் தருவதுதான் என் தொழில். ஆரம்பத்தில் எனக்கும் இதே தொல்லை இருந்தது.

நீங்கள் அநேகமாக அங்குலத்தில் வரைந்திருக்கிறீர்கள், தாளோ மில்லிமீட்டரில் இருக்கிறது. 1:100 என்றால் ஆட்டோகேட் புரிந்துகொள்வது, தாளில் 1 அலகுக்கு வரைபடத்தில் 100 அலகு என்பதை மட்டும்தான். அந்த அலகு அங்குலமா மீட்டரா என்று அது பார்ப்பதில்லை. 30 அடி 360 அங்குலம். அதை 100-ஆல் வகுத்தால் 3.6. தாளில் உங்கள் வீட்டு அகலம் 3.6 மில்லிமீட்டர்! உண்மையான 1:100-இல் அது 91.44 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மனைக்காரர் அடியிலும் செண்டிலும் பேசுவார், புலப்படம் மீட்டரில் இருக்கும், பிரிண்ட் கடையில் தாள் மில்லிமீட்டர். மூன்றும் ஒரே கோப்பில் வந்து சேர்கின்றன.

சரி, திருத்துவது எப்படி? ஸ்கேல் பட்டியலைத் திருத்தும் இடத்தில் புதிதாக ஒன்று சேருங்கள். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். தாள் அலகுக் கட்டத்தில், நீங்கள் வரைந்த ஒரு அலகுக்கு எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போடுங்கள்: அங்குலத்துக்கு 25.4, அடிக்கு 304.8, மீட்டருக்கு 1000. வரைபட அலகுக் கட்டத்தில் 100. அவ்வளவுதான். 1:50 வேண்டுமென்றால் 100-க்குப் பதில் 50. இதற்கு '1:100 அங்குலம்' என்று தனிப்பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் நீங்களே மாற்றி எடுத்துவிடுவீர்கள். மாடலில் இருக்கும் வீட்டைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ சரிசெய்யப் போகாதீர்கள். அங்கே எப்போதும் முழு அளவுதான் இருக்க வேண்டும்.

ஸ்கேல் அமைந்ததும் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் உள்ளே போய் மவுஸ் சக்கரத்தை ஒரு தடவை உருட்டினாலே ஸ்கேல் போய்விடும். எழுத்துகளுக்கு அனோடேட்டிவ் (ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்தின் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி) வைத்து, தாளில் 2.5 மில்லிமீட்டர் உயரம் கொடுங்கள்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். சில வருடங்களுக்கு முன் அம்பாசமுத்திரம் சாலையில் ஒரு வீடு. 1:100-இல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேல் துல்லியமாக இருந்தது. தார்சாவுக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த சுவருக்கு மட்டும் அளவு எழுத விட்டுப்போயிற்று. வயதான கொத்தனார் அண்ணாச்சி தாளின் மேல் டேப்பை வைத்து, அங்குலத்துக்கு எட்டடி என்று கணக்குப் போட்டுக் கயிறு கட்டிவிட்டார். அவர் காலமெல்லாம் பார்த்த பிளான்கள் அப்படித்தான் இருந்தன. அங்குலத்துக்கு எட்டடி என்றால் 1:96. நான் கொடுத்த தாளில் 10 அடி 1.2 அங்குலமாக இருக்கும், அவர் கணக்கில் அது 9.6 அடி. கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் குறைவு. மூன்று வரி செங்கல் ஏறிய பிறகுதான் தெரிந்தது. "தம்பி, எட்டடிதானேன்னு நெனச்சேன்" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தாளைப் பார்க்கிறவருக்கு எந்தக் கணக்கு பழக்கம் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். பிரித்துக் கட்டிய கூலியை நான் கொடுத்தேன்.

இப்போது வேலைத்தளத்துக்குப் போகும் தாளை 1:96-இல்தான் எடுக்கிறேன். தாள் அலகு 25.4, வரைபட அலகு 96. பட்டியலிலேயே இருக்கும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி என்ற ஸ்கேலை மில்லிமீட்டர் தாளில் எடுத்தால் அதே புள்ளிதான் வரும், ஏனென்றால் அதுவும் உள்ளே வெறும் 1:96 தான்.

அப்புறம் பிரிண்ட். ஆட்டோகேடில் பிரிண்ட் கொடுக்கும் பிளாட் (Plot) பெட்டியில் ஸ்கேல் 1:1 இருக்கட்டும், ஃபிட் டு பேப்பரில் டிக் எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கிக் கடைக்குக் கொடுத்தால், "அண்ணாச்சி, ஆக்சுவல் சைஸ்ல போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளுக்குள் அடக்குவதற்காகச் சிறிதாக்கி எடுப்பது கடைகளில் வழக்கமாக நடக்கிறது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் ஒவ்வொரு சுவரும் குறைந்திருக்கும்.

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 16 அடிக்கு ஒரு அளவுகோடு வரைகிறேன். 1:96-இல் அது சரியாக 2 அங்குலம். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் அதன் மேல் அடிஸ்கேலை வைத்துப் பார்ப்பேன், குறைந்தால் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்வேன். யாராவது பின்னால் அந்த ஏ3 தாளை ஏ4-இல் ஜெராக்ஸ் எடுத்து எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கினாலும், கோடும் கூடவே சுருங்கும். அதை வைத்து அளக்கிறவருக்கு 16 அடி 16 அடியாகவே இருக்கும்.