பச்சை லொறியில் இருந்து இறங்கியவர்களுக்கு: கேள்வி பதில்

இராணுவப் போக்குவரத்தில் 22 ஆண்டுகள் இருந்தேன். முதலில் சாரதி, பிறகு வண்டிகளை ஓட்டத்துக்கு அனுப்பும் சார்ஜன்ட். இப்போது அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலையின் லொறிகளையும் களஞ்சியத்தையும் பார்க்கிறேன். படையை விட்டு வந்து சரக்குத் துறையில் வேலை தேடுகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஆளுக்கு ஆள் மாறும்.

சம்மாந்துறை: காக்கா, பன்னிரண்டு வருடம் படையில் டிரக் ஓட்டினேன். வெளியே லொறிச் சாரதி வேலை உடனே கிடைக்குமா?

கிடைக்கும், அட்டை சரியாக இருந்தால். முதலாளி உங்கள் பதக்கத்தைப் பார்க்க மாட்டார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தந்த சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். சி1 என்றால் 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறி. சி என்றால் அதற்கும் மேல். கொள்கலன் இழுக்கும் வண்டிக்குச் சிஇ வேண்டும். கனரக வகுப்புகளை 4 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது. விலகுவதற்கு ஆறு மாதம் முன்பே இதைப் பாருங்கள். விலகிய பிறகு வீட்டில் குந்தியிருந்துகொண்டு பார்க்காதீர்கள்.

இன்னொன்று. படையில் தொடரணியாகப் போனோம். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. இங்கே இரவு இரண்டு மணிக்கு ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே நின்றால் நீங்களும் கிளீனரும் மட்டும்தான்.

களுவாஞ்சிகுடி: அண்ணன், நான் வண்டி ஓட்டியதில்லை. ஒன்பது வருடம் போக்குவரத்து அலுவலகத்தில் ரன்னிங் சார்ட் (வண்டி ஓடிய பதிவு), எரிபொருள் புத்தகம், உதிரிப்பாகப் பதிவேடு எழுதினேன். விளம்பரங்களில் ‘லொஜிஸ்டிக்ஸ்’ என்று போடுகிறார்களே, அதில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?

தங்கச்சி, ஓட்டியவர்களை விட எழுதியவர்களுக்குத்தான் அங்கே வழி அதிகம். யாரும் இதைச் சொல்வதில்லை.

முதலில் உங்கள் சுயவிபரக் கோவையில் ‘எழுதுவினைஞர், போக்குவரத்து அலுவலகம்’ என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். எத்தனை வண்டிகளின் கணக்கு உங்கள் கையில் இருந்தது, மாதம் எத்தனை லீற்றர் டீசல், எத்தனை வகை உதிரிப்பாகம், கணக்காய்வில் குறை வந்ததா இல்லையா என்று எழுதுங்கள். பதவிப் பெயரும் படையணிப் பெயரும் வெளியே யாருக்கும் விளங்காது. எண்ணிக்கை எல்லோருக்கும் விளங்கும்.

அடுத்தது, உங்களுக்குத் தெரிந்த வேலைக்கு வெளியே வேறு பெயர் இருக்கிறது. காலாவதித் திகதி நெருங்கிய டின்மீனை முதலில் அனுப்பு என்று களஞ்சியத்தில் சத்தம் போடுவார்களே, அதைத் தனியார் களஞ்சியத்தில் ‘ஃபீஃபோ’ என்பார்கள்: முதலில் காலாவதியாவது முதலில் வெளியே. நேர்முகத் தேர்வில் அந்தப் பெயர் தெரியாமல் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் அந்த வேலையைப் பத்து வருடம் செய்தவர்கள்.

உங்களுக்குப் புதிதாக வரப்போவது ஏற்றுமதி இறக்குமதிக் காகிதங்கள். படையில் பொருள் எல்லாம் அரசுடையது, கடைசி வரை அரசுடையது. வியாபாரத்தில் ஒரே பொருளின் பொறுப்பு வழியில் கைமாறும். எந்த இடத்தில் கைமாறுகிறது, அதுவரை நட்டம் யாருடையது என்று சொல்வதற்கு ‘இன்கோடேர்ம்ஸ்’ என்ற விதிகள் உள்ளன. 2020 பதிப்பில் 11 விதிகள். ‘எஃப்ஓபி’ என்றால் சரக்கு கப்பலில் ஏறியதும் பொறுப்பு வாங்குபவரிடம் போய்விடுகிறது. ‘சிஐஎஃப்’ என்றால் கப்பல் கூலியையும் காப்புறுதியையும் விற்பவர் கட்டுகிறார், ஆனால் நட்டப் பொறுப்பு அதே இடத்தில்தான், கப்பலில் ஏறியதும் மாறுகிறது. இந்த இரண்டையும் குழப்பாமல் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. சுங்கத் திணைக்களத்தின் ‘அசிக்குடா’ கணினி முறையையும் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் யாராவது பயன்படுத்தும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்.

சான்றிதழுக்கு, படித்துவிட்டு வரச் சொல்லி யாரும் துரத்த வேண்டியதில்லை. அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமை தரும் முறை இருக்கிறது. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். உங்கள் பழைய பதிவேடுகளை யார் எழுதினார் என்று உறுதிப்படுத்தும் கடிதத்தை விலகும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: எண்ணாமல் கையெழுத்து வைக்காதீர்கள். படையில் குறை வந்தால் விசாரணை வரும். வெளியே குறை வந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள். நான் முதலில் சேர்ந்த தனியார் களஞ்சியத்தில் முதல் வாரமே நாற்பது மூட்டைக்குக் கையெழுத்து வைத்தேன். மூட்டை முப்பத்தேழு.

வாழைச்சேனை: விடுமுறையில் வந்தவன் திரும்பப் போகவில்லை. கம்பெனியில் விடுவிப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

தம்பி, முறையாக விலகியாக வேண்டும். உங்கள் படையணித் தலைமையகத்துக்கு ஒரு சட்டத்தரணியோடு போங்கள். இதில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

காத்தான்குடி: குவைத்தில் முகாம் ஒன்றுக்குச் சரக்கு ஏற்றும் வேலை, ஏஜன்ட் பாஸ்போட்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தத்தை உங்களுக்குத் தெரிந்த மொழியில் வாசிக்காமல் பாஸ்போட்டும் கொடுக்க வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். எண்ணாத மூட்டையும் வாசிக்காத ஒப்பந்தமும் ஒன்றுதான்.

அம்பாறை: நான் அதிகாரியாக விலகினேன். நேரடியாக முகாமையாளர் பதவிக்குப் போக முடியாதா?

போனவர் உண்டு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையின் சரக்கு ஏற்பாட்டை நடத்திய லெப்டினன்ட் ஜெனரல் பகோனிஸ் 1993இல் சியர்ஸ் என்ற பெரும் கடைத் தொடரின் சரக்குத் துறைக்குத் தலைவராகப் போனார். ஆனால் அவர் கையில் ஒரு போர் இருந்தது. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மாதம் களஞ்சியத் தரையில் நின்று, லொறி பின்பக்கமாக வருவதையும் சுமைக்காரர்கள் தேநீருக்குப் போவதையும் பாருங்கள். மரியாதை அங்கே இருந்து வரும்.

மட்டக்களப்பு நகர்: ஐயா, நான் தமிழன். படையில் இருந்தேன் என்று சுயவிபரத்தில் எழுதினால் எங்கள் ஊரில் வேலை தருவார்களா?

இந்தக் கேள்வி எங்கள் மாவட்டங்களில் மட்டும் இத்தனை பாரமாக வரும். மறைக்காதீர்கள். இடையில் பத்து வருடம் வெற்றாக இருந்தால் அதை விட மோசமாக நினைப்பார்கள். பெருமையடிக்கவும் வேண்டாம். ‘போக்குவரத்தும் களஞ்சியமும்’ என்று வேலையை எழுதுங்கள், இடத்தை ஒரு வரியில் எழுதுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்கிற முதலாளி இருப்பார். அவரிடம் வாதாட வேண்டாம், அவர் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அக்கரைப்பற்று: எரிபொருள் பவுசரும் வெடிமருந்து லொறியும் ஓட்டினேன். இதற்கு வெளியே மதிப்பு உண்டா?

மிக உண்டு. ஆபத்தான சரக்கை உலகம் முழுவதும் 9 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெடிபொருள் 1ஆம் வகுப்பு, பெற்றோல் போன்ற தீப்பற்றும் திரவம் 3ஆம் வகுப்பு. இரண்டையும் கையாண்டவர் நீங்கள். எதை எதோடு ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது என்பது உங்கள் கைக்குத் தெரியும். அந்த வகுப்பு இலக்கங்களைச் சுயவிபரத்தில் எழுதுங்கள்.

நிந்தவூர்: காக்கா, எந்த வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும்?

முதல் பதிலில் இருக்கிறது.

கல்முனை, லொறி உரிமையாளர்: நீங்கள் படைக்காரர்களை உயர்த்திப் பேசுகிறீர்கள். நான் இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். நேரத்துக்கு வருவார்கள், வண்டியைக் கழுவி வைப்பார்கள், பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் கொழும்பில் அரிசியை இறக்கிவிட்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து ‘வேலை முடிந்தது’ என்று நிற்பார்கள். டீசலுக்கு யார் காசு கொடுப்பது?

வேறு யாரும் கோபப்படுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இவர் சொல்வது சரி. நானும் அப்படித்தான் வந்தேன். படையில் ஒரே கேள்வி, போய்ச் சேர்ந்ததா? இங்கே அதோடு முடிவதில்லை. போக வர 700 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் வண்டி. 175 லீற்றர். அதில் பாதி காற்றை ஏற்றிக்கொண்டு வந்ததற்கு.

ஏறாவூர்: சுமை தேடுவது சாரதியின் வேலையா? படையில் இருந்து வந்தவனைப் புறக்கோட்டையில் தரகரிடம் கெஞ்ச விடுவதா?

கல்முனை: எங்கள் சாரதிகள் இருபது வருடமாகத் தேடுகிறார்கள். யாரும் கெஞ்சவில்லை.

ஏறாவூர்: தேடித் தந்தால் பங்கு கொடுக்கிறீர்களா?

கல்முனை: கொடுக்கிறேன்.

ஏறாவூர்: எவ்வளவு?

இதற்குக் கல்முனையில் இருந்து இன்னும் பதில் வரவில்லை. அது வரும்வரை ஒரு கதை. கொள்கலன் கப்பலைத் தொடக்கிய மல்கம் மக்லீன், 1956இல் 58 பெட்டிகளோடு முதல் கப்பலை விட்டவர். வியட்நாம் போரில் அமெரிக்கப் படைக்கான சரக்கைக் கொண்டுபோகும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. போகும் வழிக்குப் படை காசு கொடுத்தது. திரும்பும் வழியில் கப்பல் வெறுமையாக வந்தது. அவர் கப்பலை யப்பானுக்குத் திருப்பி, அங்கே ஏற்றுமதிச் சரக்கை ஏற்றினார். அந்தச் சுமையில் வந்ததெல்லாம் இலாபம். படையின் வேலையையும் வியாபாரத்தின் வேலையையும் ஒரே கப்பலில் பார்க்க வேண்டுமானால் அதுதான்.

எங்கள் ஆலையில் வண்டி புறப்படும் முன்பே திரும்பும் சுமையைத் தொலைபேசியில் பேசிவிடுவேன்: சீமெந்து, மா, சில நாள் பிளாஸ்டிக் கதிரை. சாரதி தானாகத் தேடிக்கொண்டு வந்தால் அவருக்குப் பங்கு. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதுதான் எங்கள் முதலாளிக்கே இந்தக் கணக்கு விளங்கியது. ஏறாவூர்க்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கற்றுத் தராத வேலையைச் செய்யவில்லை என்று ஒருவரைக் குறை சொல்ல முடியாது. கல்முனை ஐயா, அந்த இரண்டு பேருக்கும் முதல் நாள் யாராவது இதைச் சொன்னார்களா?

கல்முனை: சொல்லவில்லை. பங்கு, வாடகையில் பத்தில் ஒன்று.

ஏறாவூர்க்காரர் இதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பொத்துவில்: நாட்கூலிக்குக் கூப்பிடுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

கேளுங்கள். உங்களிடம் இருந்து 8 வீதம், முதலாளியிடம் இருந்து 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம். படையில் ஓய்வூதியம் தானாக வந்தது, அதனால் நம் ஆட்கள் இதைக் கேட்பதே இல்லை. சம்பளச் சீட்டையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து.

செங்கலடி: சேர், எந்த அனுமதிப்பத்திரம் என்று சொல்லவே இல்லையே?

முதல் பதில், தம்பி. முதல் பதில்.

கல்முனை: சிஇ இருக்கிற ஒருவர் எனக்கு வேண்டும். உங்களுக்குத் தெரிந்த படைக்காரர் யாராவது?

இருவர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஆலைக்கு வாருங்கள், இருவரையும் வரச் சொல்கிறேன். பங்கு பத்தில் ஒன்று என்பதை அவர்களிடம் நான் ஏற்கனவே சொல்லிவிட்டேன்.