'மைனே' என்று ஒரே ஒரு சொல்

அண்ணாச்சி, சின்ன வயதில் குளச்சலில் பார்த்த படம், கடற்கரையில் ஒருவர் தனியாக ஏங்கிப் பாடுவார், 'மைனே' என்ற சொல் மட்டும் நினைவிருக்கிறது என்கிறீர்கள். தமிழ்ப் பாட்டுகளில் தேடினால் கிடைக்காது. அது மலையாளம். 1965இல் வந்த 'செம்மீன்' படத்தின் 'மானச மைனே வரூ'. பரீக்குட்டியாக நடித்த மது பாடுவதாக வரும். வயலார் எழுதியது, இசை சலில் சௌத்ரி, குரல் மன்னா டே. கடைசி இருவரும் வங்காளிகள். உச்சரிப்பு ஒரு மாதிரி இருந்தது என்றீர்களே, அதனால்தான். எனக்கென்னவோ அந்தப் பிசிறுதான் அழகு. நம் பகுதி 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதானே, இங்கே மலையாளப் படம் ஓடியதில் வியப்பில்லை. அப்புறம், அதே படத்தில் யேசுதாஸ் பாடிய 'கடலினக்கரை போனோரே'யும் உண்டு. இரண்டையும் சேர்த்தே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.